டவுன் பஸ் நின்ற ஊர்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ மாணவர்களுக்கு அன்று கடைசிப் பரீட்சை. மாலை 6 மணியிலிருந்து மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். பிள்ளைகள் வந்து சேரட்டும் என்று பரீட்சையை அரை மணி நேரம் தள்ளிப் பத்தரைக்குத் தொடங்கினார்கள். அப்படியும் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அவர்களில் பலரைத் தடுத்தது காய்ச்சல் அல்ல, பஸ் கிடைக்காததுதான். அரசும் அதை ஒப்புக்கொண்டு, ஜூலை 27-ஆம் தேதி மறுதேர்வு வைத்தது.

அந்த நாளில் தமிழ்நாட்டில் கொரோனா உறுதியானவர்களின் எண்ணிக்கை இருபதைக்கூடத் தொடவில்லை. பெரும்பாலான கிராமங்களுக்கு அந்த நோய் தொலைக்காட்சியில் வரும் சீனாவின் செய்தி, இத்தாலியின் செய்தி. கிருமி ஊருக்குள் வந்து சேரப் பல வாரங்கள் ஆயின. அதற்கு வெகு முன்பே டவுன் பஸ் நின்றுவிட்டது. பெருந்தொற்று கிராமத்து வாழ்க்கையை என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கக் கூடாது. பஸ் நிறுத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘ஊரடங்கு’ என்ற சொல்லையே பாருங்கள். முன்பெல்லாம் கிராமத்துப் பேச்சில் அது ராத்திரியைச் சொல்லும் சொல். ஊர் அடங்கிய பிறகு நாய் குரைத்தது, ஊர் அடங்கிய பிறகு அவன் வந்தான் என்பார்கள். அந்த மார்ச்சில் அது பட்டப்பகலுக்கு வந்தது. அரசாணையிலும் நாளிதழிலும் ஊரடங்கு என்று அச்சானாலும், வெற்றிலை இடிக்கும் பாட்டிகள்வரை எல்லோரும் சொன்னது ‘லாக்டவுன்’ என்றுதான். அது நம் ஊர்ச் சங்கதி அல்ல, வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த ஒன்று என்ற உணர்வும் அதில் இருந்திருக்கலாம்.

கிராமம் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும், நகரம்தான் தவிக்கும் என்று அப்போது நகரத்தில் பலர் எழுதினார்கள். வயலில் நெல், தொழுவத்தில் பால், கொல்லையில் முருங்கை, இதற்குமேல் என்ன வேண்டும் என்ற கற்பனை அது. உண்மையில் தமிழ்நாட்டுக் கிராமம் பக்கத்து டவுனோடு ஒரு நாளில் நாலு முறை தன்னை இணைத்துக்கொள்கிறது. விடிகாலைப் பஸ்ஸில் பூக்கூடையும் கீரைக்கட்டும் ஏறும். எட்டு மணி பஸ்ஸில் இலவச பாஸ் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளும், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் பெண்களும், துணிக்கடையில் நிற்கப்போகும் பெண்களும். மத்தியான பஸ்ஸில் பென்ஷன் வாங்கப்போகும் கிழவர்கள். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கையில் யாரோ கொடுத்தனுப்பிய சர்க்கரை மாத்திரையோ, காயில் கட்டி வந்த மோட்டாரோ இறங்கும். அந்த ஒரு பஸ் நின்றால் இவ்வளவும் நிற்கும்.

முதலில் அடி வாங்கியது விளைந்து நின்ற பொருள். பங்குனி, சித்திரை மாதங்கள் மல்லிகை கொட்டும் காலம். தர்பூசணிக்கும் அதுதான் பருவம். நோன்பும் திருவிழாவும் கல்யாண முகூர்த்தமும் சேர்ந்து வரும் மாதங்களும் அவையே. பூ அத்தியாவசியப் பொருள் அல்ல என்பதால் சந்தைகள் மூடிக்கிடந்தன. பறிக்காமல் விட்டால் செடி கெடும். பறித்தால் விற்க வழியில்லை. சொந்தக் கைக்காசு போட்டுப் பறித்த அரும்பை வாய்க்கால் ஓரம் கொட்டியவர்கள் உண்டு, அடிமாட்டு விலைக்கு வாசனைத் தைல ஆலைகளுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி வயலிலேயே வெடித்துக் கிடந்தது. விவசாய வேலைக்கும் விளைபொருள் வண்டிக்கும் தடையில்லை என்று அரசு அறிவித்தது உண்மைதான். ஆனால் வண்டி போகலாம் என்றால் போதாது. வாங்க வியாபாரி வர வேண்டும், ஏற்ற ஆள் வர வேண்டும், சாலையோரம் வெட்டிக் கொடுக்கும் கடை திறந்திருக்க வேண்டும். காகிதத்தில் திறந்திருந்த பாதை நிலத்தில் மூடியிருந்தது.

பால் மட்டும் ஓரளவு தப்பியது. கூட்டுறவுச் சங்கத்துப் பால் வண்டி தினமும் வந்தது. டீக்கடைகளும் மிட்டாய்க் கடைகளும் மூடியதால் தனியார் கொள்முதல் சுணங்கியது. அவர்களையே நம்பியிருந்த வீடுகளில் மிஞ்சிய பால் தயிராகி, மோராகி, கடைசியில் நெய்யானது. பல கிராமங்களில் பிள்ளைகள் அந்தக் கோடையில் நெய்ச்சோறு சாப்பிட்டார்கள் என்பது இந்தக் கதையின் கொஞ்சநஞ்ச நல்ல பக்கங்களில் ஒன்று.

அரிசிக்குப் பஞ்சம் வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வட மாநிலங்களில் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, தமிழ்நாட்டில் உலை கொதித்தது என்றால் அதற்குக் காரணம் ரேஷன் கடை. சுமார் இரண்டு கோடி அரிசி அட்டைகளுக்கு 2020 ஏப்ரலில் தலா 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்த மாதம் அரிசியோடு பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையில்லாமல் கிடைத்தன. எல்லாருக்கும் பொதுவான ரேஷன் என்று தமிழ்நாடு பல பத்தாண்டுகளாகப் பிடிவாதமாக வைத்திருந்த ஏற்பாடு, அந்த ஒரு மாதத்தில் தன் செலவை ஈடுகட்டிவிட்டது என்றே சொல்லலாம்.

அந்தக் கடை வாசலை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். தெருவில் சுண்ணாம்பால் வட்டங்கள். வட்டத்துக்கு வட்டம் ஒரு மீட்டர். இன்ன தெருவுக்கு இன்ன நேரம் என்று முதல்நாளே வீட்டுக்கு டோக்கன். ஆனால் வட்டத்துக்குள் ஆள் இல்லை. ஒன்றில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அடுத்ததில் மஞ்சள் பை, அதற்கடுத்ததில் காற்றில் பறக்காமலிருக்க மேலே கல் வைத்த ரேஷன் அட்டைப் பை. ஆட்கள் எல்லாம் எதிரே புங்க மர நிழலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். செருப்புகள் மிகச் சரியாகச் சமூக இடைவெளியைக் கடைப்பிடிக்கின்றன. அதிகாரி பைக் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து அவரவர் செருப்புக்குள் போய் நிற்பார்கள். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒன்றை மறந்தார்கள்: ஏப்ரல் வெயிலில் வட்டத்துக்குள் நிற்கச் சொன்னவர் யாரும் அந்த வட்டத்துக்குமேல் பந்தல் போடச் சொல்லவில்லை.

ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு ஏப்ரல் முதல் மூன்று மாதம் தலா 500 ரூபாய் போட்டது. கணக்கு டவுன் வங்கியில் இருந்தது. டவுனுக்குப் பஸ் இல்லை. ஆட்டோ கிடைத்தாலும் போக வரக் கேட்கும் வாடகைக்கு வந்த பணத்தில் பாதி போய்விடும். ஒரே ஆட்டோவில் எட்டுப் பேர் ஏறிப் போனார்கள், வழியில் போலீஸ் இறக்கிவிட்டது, நடந்தே திரும்பினார்கள் என்ற கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

தனிமைப்படுத்துவது கிராமத்துக்குத் தெரியாத வித்தை அல்ல. அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்நியர் உள்ளே நுழைய மாட்டார்கள். அந்த வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்தாளி இல்லை, வெளியூர் போய் வந்தவர் நேரே உள்ளே வரக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீடு ஊரிலிருந்து மரியாதையோடு விலகி நிற்கும். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற வழக்கமும் பல ஊர்களில் இன்றும் உண்டு. இதெல்லாம் பக்தி மட்டும்தானா, பழைய கொள்ளைநோய்களின் ஞாபகமும் சேர்ந்ததா என்பது பெரிய விவாதம். 1918-இல் பம்பாய் வழியாக வந்த இன்ஃபுளுயன்சா ரயில் பாதைகளிலும் பரவி, இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் கோயில்கள் உண்டு. அந்த வழியிலேயே 2021-இல் அதே கோவையின் இருகூரில், காமாட்சிபுரி ஆதீனத்தில், ‘கொரோனா தேவி’ சிலையும் வந்தது.

ஆகவே 2020 மார்ச் கடைசியில் பல ஊர்கள் அரசு சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்தார்கள். வாசலில் மஞ்சள் தண்ணீர், தெருவுக்குத் தெரு வேப்பிலைத் தோரணம். ஆரம்ப சுகாதார நிலையம் கபசுரக் குடிநீர்ச் சூரணம் கொடுத்தது; பெரிய அண்டாவில் கொதிக்கவைத்து டம்ளர் டம்ளராக ஊற்றினார்கள். முகம் சுளிக்காமல் குடித்த பிள்ளை ஒன்றுகூட இருந்திருக்காது. ஆனால் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அம்மை வீட்டில் நோயாளி கண்ணுக்குத் தெரிவார், அவருக்காக ஊர் விலகும். இங்கே நோயாளியே இல்லாமல் எல்லா வீடும் விலகியிருக்க வேண்டியிருந்தது. அது கிராமத்துக்குப் புரியவே இல்லை. புரிந்தபோது நோய் கோயம்பேடு வழியாக வந்து சேர்ந்திருந்தது.

சென்னையில் 1996-இல் திறந்த கோயம்பேடு மார்க்கெட், காய்கறி, பழம், பூவுக்கான மாபெரும் சந்தை. பரப்பு 295 ஏக்கர். அங்கே மூட்டை தூக்கும் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்து ஆண்கள். சொந்த ஊரில் மானாவாரி நிலம் அல்லது நிலமே இல்லாதவர்கள். நகரம் அடங்கிக் கிடந்தபோதும் நகரத்துக்குச் சோறு வேண்டும் என்பதால் அந்தச் சந்தை மட்டும் நெரிசலோடு ஓடியது. ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகத் தொழிலாளர்கள் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளில் தொற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பஸ் இல்லை, வேறென்ன செய்வார்கள்?

மே 4 அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 527 பேருக்குத் தொற்று. அதுவரை காணாத எண்ணிக்கை. அரியலூர் மாவட்டத்தில் அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த கணக்கு, மே முதல் வாரம் முடிவதற்குள் இருநூறைத் தாண்டியது. கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் எல்லாவற்றிலும் இதே ஏற்றம்தான். அந்தப் பகுதியின் வரைபடம் ஒரு வாரத்தில் சிவந்தது.

ஊருக்குள் நடந்ததுதான் கொடுமை. பொங்கலுக்கு வரும்போது மூட்டை நிறையப் பழமும் கட்டு நோட்டுமாக வந்து இறங்கினால் ‘மெட்ராஸ்காரர்’ என்று வாசல்வரை வந்து வரவேற்ற அதே ஊர், இப்போது ‘கோயம்பேட்டுக்காரங்க’ என்று தள்ளி நின்றது. அவர்களைப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தங்கவைத்தார்கள். வீட்டில் யாருக்காவது உறுதியானால் தெருவின் இரு முனையிலும் தகரம் வந்துவிடும். ‘அந்தத் தெருவுல தகரம் அடிச்சுட்டாங்க’ என்பது அந்த ஆண்டு முழுக்கக் கிராமத்தில் ஒலித்த வாசகம். நோயைவிடத் தகரத்துக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள். காய்ச்சல் கண்டவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வாயை மூடிக்கொண்டதற்கு அறியாமை பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தத் தகரம். தகரம் அடித்த தெருவிலிருந்து யாரையும் களை எடுக்கக் கூப்பிட மாட்டார்கள், அந்தத் தெருப் பாலைச் சங்கத்தில் ஊற்றவும் தயங்குவார்கள். கிராமத்தில் தெரு என்பது பல இடங்களில் சாதியும்தான் என்பதால், இந்த விலக்கம் எங்கே போய்த் தொட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் ஊரில் யார் சமாளித்தார்கள்? 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது. புதிய தலைவர்கள் 2020 ஜனவரி 6-இல் பதவியேற்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம் ஆகுமுன் ஊரடங்கு. பிளீச்சிங் பவுடர் வாங்கவும், கிருமிநாசினி தெளிக்கும் தூய்மைக் காவலருக்குக் கையுறை தேடவும், முள்வேலியை எடுக்கச் சொல்லிச் சொந்தக்காரர்களிடமே சண்டை போடவும் அவர்கள் பழக வேண்டியிருந்தது. அதுகூட 27 மாவட்டங்களில்தான். புதிதாகப் பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் தேர்தலே நடக்கவில்லை. விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் அதில் சேர்த்தி. கோயம்பேட்டிலிருந்து லாரி வந்து நின்ற எத்தனையோ கிராமங்களில் ‘தலைவரே’ என்று கூப்பிட அதிகாரபூர்வமாக ஒருவர் இல்லை. அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில், இரண்டாம் அலையும் ஓய்ந்த பிறகு.

வருமானம் என்று பார்த்தால் நூறு நாள் வேலைதான் கை கொடுத்தது. 2020 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் அதன் தினக்கூலி 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயானது. ஏரிக்கரையில் மண்வெட்டியோடு அதுவரை பார்த்திராத முகங்கள் தென்பட்டன: திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிய இளைஞர், சென்னைக் கடையில் நின்ற பெண். எப்போதும் வரும் ஆயாக்கள் அவர்களுக்குக் கூடை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். குழுக் கடன் கதை வேறு. கடன் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27-இல் அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளிப்போட்ட காலத்துக்கும் வட்டி ஓடியது என்பது வசூல்காரர் வாசலில் வந்து நின்று கணக்குச் சொன்னபோதுதான் பல பெண்களுக்குத் தெரிந்தது.

சாராயத்தைப் பற்றியும் ஒரு வரி. மார்ச் 24-இல் மூடிய டாஸ்மாக் மே 7-இல் திறந்தது, உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றத் தடைக்குப் பின் மே 16-இல் மறுபடி திறந்தது. அந்த ஆறு வாரம் ஊறல் போட்டுப் பிடிபட்டவர்கள் உண்டு. ஆறு வாரமும் சாயங்காலம் வீட்டில் சண்டையில்லாமல் இருந்தது என்று சொன்ன பெண்கள் அதைவிட அதிகம்.

காசைவிடக் கிராமத்தை அசைத்தது சாவு வீடு. கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் கோபம் வரும், தீரும். சாவுக்குப் போகாமல் இருந்தால் அது தலைமுறைப் பகை. பங்காளிகள் தோள் கொடுக்க வேண்டும், சம்பந்தி வீட்டார் கோடித்துணி கொண்டுவர வேண்டும், பிறந்த வீட்டிலிருந்து அரிசி வர வேண்டும், பறை ஒலிக்க வேண்டும். இருபது பேரில் யார் யாரை எண்ணுவது? வெளியூர் மகள் பயண அனுமதிக்கான இ-பாஸ் வாங்கி வந்து சேர்வதற்குள் அப்பனை எடுத்துவிட்ட வீடுகள் ஏராளம். தொற்றால் இறந்தவர்களைப் பையில் கட்டித் தந்தபோது முகம்கூடப் பார்க்க முடியவில்லை. சென்னையில் ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கும்பல் தாக்கிய பிறகு, அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டுவரை சிறை என்று 2020 ஏப்ரலில் அவசரச் சட்டமே போட வேண்டிவந்தது. கிராமங்களில் பலர் பதினாறாம் நாள் கருமாதியை மாதக் கணக்கில் தள்ளிவைத்து, ஊரைக் கூட்டிச் செய்தார்கள். அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் செத்தவர் செத்ததாக ஊர் ஒப்புக்கொண்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம், தஞ்சாவூரின் பேராவூரணி வட்டாரத்தில் இன்னொரு பந்தியும் காலியானது. அது மொய் விருந்து. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கிடா வெட்டி, வந்தவர் எல்லோருக்கும் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் மேசைமேல் நீள நோட்டு. ஊர்வாரியாகப் பெயர், பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவு என்று பதிவாகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்கு முறை வரும். வட்டியில்லாமல், ஜாமீன் இல்லாமல், ஊர் தனக்குத் தானே நடத்திக்கொள்ளும் வங்கி அது. அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள், கடை வைத்தவர்கள் பலர். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னையைச் சாய்த்தபோதே இந்த ஓட்டம் தடுமாறியது. எழுந்து நிற்குமுன் 2020 வந்தது. கல்யாணத்துக்கே 50 பேர் என்றால் ஆயிரம் இலை விழும் விருந்தை எப்படி வைப்பது? நாலாண்டு எல்லாருக்கும் மொய் செய்துவிட்டு, ஐந்தாம் ஆண்டு தன் முறைக்குக் காத்திருந்தவர் கையில் இருந்தது நோட்டுப் புத்தகம் மட்டும். வேலை போனது, விளைச்சல் அழிந்தது என்றால் மனுப்போட ஓர் அலுவலகம் உண்டு. மொய் நின்றது என்று எங்கே மனுப்போடுவது?

திருவிழாக்களும் அப்படித்தான். உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகம் கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா 2020-இலும் 2021-இலும் நடக்கவில்லை. இந்தியா முழுவதிலுமிருந்து திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் விழா என்று வெளியுலகுக்குத் தெரியும். வளையல் கடைக்காரருக்கும் பூக்காரருக்கும் அது ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்தும் தீமிதியும் பங்குனியில் தொடங்கினால் ஆடிவரை போகும். கூத்துக்காரர், நாதஸ்வரக்காரர், கரகாட்டக்காரர் எல்லோருக்கும் சம்பாத்தியம் இந்த ஐந்து மாதத்தில்தான். மீதி ஏழு மாதம் அதை வைத்துத்தான் சாப்பிடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு பருவம் போனது. கட்டைக் கிரீடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கொத்தனாருக்குக் கையாளாகப் போனவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

பஸ் 2020 ஜூன் 1-இல் ஓட ஆரம்பித்து, அந்த மாதக் கடைசியில் மறுபடி நின்றது. செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள், 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம். முகக்கவசம் கண்டக்டரைக் கண்டால் மூக்குக்கு ஏறும், அவர் போனால் தாடைக்கு இறங்கும். நோய் போய்விட்டது என்று கிராமம் முடிவுகட்டியது. பொங்கல் நடந்தது, தேர்தல் பிரச்சாரமும் நடந்தது.

2021 மே 7-இல் புதிய அரசு பதவியேற்றது. முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மே 8 முதல் அமல். மே 10 அதிகாலை 4 மணிக்கு முழு ஊரடங்கு, பஸ் நின்றது. இலவச பஸ்ஸில் கிராமத்துப் பெண்கள் இரண்டே நாள் போனார்கள்.

இரண்டாம் அலை முதல் அலையைப்போல ஊர் வாசலில் நிற்கவில்லை, வீட்டுக்குள் வந்தது. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. இந்த முறை ஆக்சிஜன், படுக்கை, ஆம்புலன்ஸ் என்ற சொற்கள் கிராமத்துப் பேச்சில் புகுந்தன. தடுப்பூசி கையில் இருந்தும் ஊர் தயங்கியது. ஏப்ரல் 17-இல் நடிகர் விவேக் இறந்தார். இரண்டு நாள் முன்புதான் அவர் மக்களுக்கு நம்பிக்கை கொடுக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு சொன்னபோது மாதங்கள் கடந்திருந்தன. அதற்குள் கிராமத்துத் திண்ணைகள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தன. ஊசி போட வந்த கிராம சுகாதார செவிலியரைக் கண்டு கொல்லைப்பக்கமாக ஓடியவர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் துரத்தினார். அவர்களில் பாதிப் பேருக்குக் குழந்தையில் போலியோ சொட்டு ஊற்றியவரே அவர்தான். செங்கல்பட்டு மாவட்டத்து மீனவ கிராமமான கோவளத்தில் ஊசி போட்டவர்களுக்குப் பிரியாணியும், குலுக்கலில் பைக், ஃபிரிட்ஜ், தங்கக் காசும் என்று ஒரு தொண்டு அமைப்பு அறிவித்ததும் வரிசை நீண்டது. செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை நடந்த முதல் மாபெரும் முகாமில் மாநிலம் முழுவதும் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பயம் அந்த மாதத்தில்தான் உடைந்தது.

பஸ் நின்ற அனுபவத்திலிருந்து அரசு ஒரு பாடம் கற்றுக்கொண்டது என்று சொல்ல வேண்டும். மாத்திரைக்காக டவுனுக்கு வரவேண்டியவரிடம் மாத்திரையே போகட்டும் என்று 2021 ஆகஸ்ட் 5-இல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’. இரண்டுமே தொடங்கியது கிராமத்தில்.

இரண்டாவதற்குத் தேவை மிக அவசரமாக இருந்தது. பள்ளிக்கூடம் மூடியபின் பாடம் கல்வித் தொலைக்காட்சியில் வந்தது. ஒரே டிவி, மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு. பாடம் வரும் நேரத்தில் மின்வெட்டு. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்றார்கள். போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும், அல்லது சிக்னலுக்காகப் பிள்ளை மேல்நிலைத் தொட்டி ஏறியிருக்கும். ஃபீஸ் கட்ட முடியாமல் மெட்ரிக் பள்ளி மஞ்சள் வேனிலிருந்து இறங்கி ஊர்ப் பள்ளிக்கு வந்தவர்கள் நிறைய. பெரிய பையன்கள் நுங்கு வெட்டவும் பெயின்ட் அடிக்கவும் போனார்கள். கையில் காசு பார்த்த பையனை மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பது சாதாரணக் காரியமல்ல. 2020 ஜூன் 15-இல் தொடங்கவிருந்த பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 9-இல் ரத்து செய்து, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப்பதிவையும் வைத்து எல்லோரையும் தேர்ச்சி பெறவைத்தார்கள். அவர்களை இன்றும் வேலைக்கு எடுக்கும் இடத்தில் ‘கொரோனா பேட்ச்சா?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது கிண்டல்.

ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-இல். கிட்டத்தட்ட இருபது மாதம். அதற்குள் பள்ளிக்கூட மைதானத்தில் நெருஞ்சி முளைத்துக் காய்த்திருந்தது. இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள்தான், அப்போது மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் திண்ணையிலும் மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்திலும் பாய் விரித்தார்கள். ‘அக்கா, ஸ்கூல் மிஸ் மாதிரி அடிக்க மாட்டீங்கல்ல?’ என்று கேட்டபடியே பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஒன்றாம் வகுப்பு அறையைப் பார்க்கவே இல்லை. முதன்முதலாகப் பள்ளிக்குள் நுழைந்தபோதே இரண்டாம் வகுப்பு. கிராமப்புறக் குழந்தைகளின் கற்றலை அளக்கும் ஏசர் ஆய்வு 2022-இல் நடந்தபோது அவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் சுமார் 10 சதவீதம். அந்தக் கணக்கே பெருமைப்படத் தக்கதல்ல. 2022-இல் அது 5 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது.

அந்தப் பிள்ளைகள் இடையில் எங்கும் நிற்காமல் வந்தால், 2030-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள்.